நடு ஆற்றில் நின்ற பாட்டு

நம் காலத்துக்காரர்கள் இன்னும் நாலைந்து பேராவது மிச்சம் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை ஆரம்பிக்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் பாட்டுப்பெட்டி என்றால் என்ன, அதற்குச் சாவி கொடுப்பது என்றால் என்ன என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். உங்களிடம் அந்தத் தொல்லை இல்லை. கறுப்புப் பிளேட்டு, ஊமத்தம்பூப் போல விரிந்த குழாய், ஓரத்தில் ஒரு சாவி. பக்கத்துக்கு மூன்று நிமிடம் பாட்டு. பாடுகிறவர் அழுதுகொண்டிருந்தாலும் சரி, சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, நேரம் ஆனதும் வாயை மூடியாக வேண்டும். யாராவது எழுந்து போய்ப் பிளேட்டைத் திருப்பிப் போட்ட பிறகுதான் மிச்ச அழுகை.

முழு நாடகத்தையும் ஆறு பிளேட்டில் அடைத்து, தடித்த அட்டைக்குள் புத்தகம் மாதிரிக் கட்டி விற்பார்களே, அதற்குச் செட்டு என்று பெயர். அப்படி ஒரு செட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் ஒரு பாட்டுக்காரருக்காகத் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். நான் சுளிப்பதில்லை. நான் அதைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறேன்.

யுத்த காலம். எங்கள் ஊர் செட்டிகுளத்துக்குப் பக்கம். பருத்தி, சோளம், சின்ன வெங்காயம் விளைகிற மேட்டு நிலம். கிணறு உண்டு, ஏரி உண்டு, ஆறு கிடையாது. ஊரில் முக்கால்வாசிப்பேர் ஓடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செட்டு என் அத்தையுடையது. அப்பாவுக்கு ஒரே தங்கை. விக்கிரமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான கொஞ்ச நாளில் மாமா திருச்சிக்குப் போய்ப் பெட்டியும் செட்டும் வாங்கி வந்து அத்தையிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு ரங்கூனுக்கு வேலைக்குக் கப்பலேறிவிட்டார். பின்னாலேயே யுத்தம் வந்தது. அவரிடமிருந்து வந்த காகிதம் நின்றுபோயிற்று. மகன் இல்லாத வீட்டில் மருமகளுக்கு என்ன வேலை என்று அந்த வீட்டார் கேட்டார்கள். அப்பா வண்டி கட்டிப் போய் அத்தையை அழைத்து வந்தார்.

வரும் வழியில் பெட்டியை அத்தை மடியிலேயே வைத்திருந்தாள். செட்டு மட்டும் டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்தது. அரியலூர் தாண்டி எங்கோ ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் நாலாவது பிளேட்டு மூன்று துண்டு. மற்ற ஐந்துக்கும் கீறல்கூட இல்லை. அந்தத் துண்டில் ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் நொண்டி விளையாட அதைப்போல வழுக்கிப்போகிற சில்லு வேறு யாரிடமும் இல்லை.

நாடகத்தின் கதை சின்னதுதான். பகை நாட்டில் சிறைப்பட்ட ராஜாவைத் தேடி ராணி தனியாகப் புறப்படுகிறாள். வழியில் ஒரு ஆறு. வெள்ளம். ஓடக்காரன் ஓட்ட மாட்டேன் என்கிறான். இருவரும் பாட்டிலேயே சண்டை போடுகிறார்கள். அவள் ஒரு அடி, அவன் ஒரு அடி, நடுவில் ‘ஏலேலோ’. ஒவ்வொரு சுற்றுக்கும் மிருதங்கம் வேகம் கூட்டும். ஒரு வழியாக அவன் இணங்கி ஓடத்தை எடுத்து, நடு ஆற்றுக்கு வந்து, ‘நடு ஆறு வந்தோமே ஓடக்காரா’ என்று ராணி குரலை உயர்த்தும்போது மூன்றாவது பிளேட்டு முடிந்துவிடும். அடுத்தது உடைந்த பிளேட்டு. ஐந்தாவதைப் போட்டால் ராணி அக்கரைக் கடைவீதியில் நின்று, ‘ஐயோ, புடவையெல்லாம் ஈரமாச்சே’ என்பாள்.

புடவை எப்படி ஈரமாயிற்று? எங்கள் ஊர் பிழைப்பை விட்டுவிட்டு இதைத்தான் பேசியது. ஓடம் கவிழ்ந்திருக்கும், ராணி நீந்தியிருப்பாள் என்பது ஒரு கட்சி. ராஜ வம்சத்துப் பெண் நீந்த மாட்டாள், மழை பெய்திருக்கும் என்பது எதிர்க்கட்சி. களத்துமேட்டில் வெங்காயம் அரிந்துகொண்டே இதற்காகச் சண்டை போட்டு இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் வாசலில் கூட்டம் கூடும். பிளேட்டு போடுகிற உரிமை தையல்கார ராவுத்தருக்குத்தான். அவர் கை நடுங்காது. யுத்தத்தில் ஊசி கிடைக்காமல் போனபோது கருவேல முள்ளைப் போட்டால் பாடும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். நாங்கள் பிள்ளைகள் முள் பொறுக்கிக் கொண்டுவருவோம். அவர் துணி வெட்டும் கத்தரியால் நுனியைச் சீவிப் பொருத்துவார். முள்ளில் பாட்டு மெதுவாகத்தான் வரும். அடுத்த வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது மாதிரி. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும்.

ஓடக்காரன் பாட்டில் ஒரு இடத்தில், அவன் அடி எடுப்பதற்கு முன்னால், லேசாக ஒரு இருமல் இருமுவான். பாடியவருக்கு அன்றைக்குத் தொண்டை கமறியிருக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அது பாட்டில் சேர்த்தி. ஏர் ஓட்டிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடுகிறவன்கூட அந்த இடத்தில் ஏரை நிறுத்தி இருமிவிட்டுத்தான் மேலே பாடுவான்.

கூட்டம் கலைந்த பிறகும் அத்தை தனியாக அந்த மூன்றாவது பிளேட்டைப் போட்டுக் கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு, குழாயின் வாயில் காதை வைத்துக்கொண்டு. கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். பார்க்கிறவர்கள் ‘பாவம், புருஷனை நெனச்சு உருகுது’ என்பார்கள். என்னிடம் மட்டும் ஒருநாள் அத்தை சொன்னாள்.

“நான் கொள்ளிடத்துல ஓடத்துல போயிருக்கேன்டி. காலுக்கடியில தண்ணி பலகையைத் தூக்கித் தூக்கி விடும். அந்த மிருதங்கக்காரன் அதை அப்படியே கொட்டியிருக்கான் பாரு. அவனும் எங்கயோ ஓடத்துல போயிருக்கணும்.”

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் பெரியவர்கள் காதில் ஏறியிருக்காது. அவர்கள் அத்தைக்கு என்ன துக்கம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அம்மாவைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணி தாண்டிப் போன மனுஷன். இங்க பொண்டாட்டி தெனம் ஓடத்தை நடு ஆத்துல கொண்டாந்து நிறுத்திப்புட்டு எழுந்திரிக்கிறா. அவன் எப்படிக் கரையேறுவான்? நீங்களே சொல்லுங்க.”

அம்மாவுக்கு அது அப்படியே நெஞ்சில் தைத்துவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாத்தனார் மேல் உயிரை வைத்திருந்தவள். அப்பாவிடம் அழுதாள். அப்பா பேச்சைக் குறைத்து, வேலையை முடிக்கிற மனிதர். பெட்டியையும் செட்டையும் தானியம் வைக்கிற உள்ளறையில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் காளி கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மனிடமே ஒப்படைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அத்தை சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துபோவாள். அப்பா அதைப் பார்த்து, பெட்டி போகிறதே என்பதற்காகவா இப்படி என்று யோசிக்கவில்லை. தோஷம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தார்.

வியாழக்கிழமை ராவுத்தர் மூச்சிரைக்க வந்தார். பெரம்பலூருக்கு நூல்கண்டு வாங்கப் போனவர்.

“அண்ணாச்சி, ஒரு சேதி. நாளைக்குச் சிறுவாச்சூர்ல நாடகம். நம்ம செட்டு நாடகம். பிளேட்டுல பாடின அதே ஆளுங்க. மண்ணெண்ணெய் கெடைக்கலன்னு பகல்லயே போடுறாங்களாம். அல்லா புண்ணியத்துல நாலாவது பிளேட்டை நேர்லயே கேட்டுடலாம்.”

“நான் பெட்டியைக் குடுக்கப் போறேன் ராவுத்தரே. கூத்துப் பாக்கப் போகல.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். “ஏங்க, ராணி கரை சேர்றதைக் காதால கேட்டுட்டா தோஷம் கழிஞ்சுபோயிடும்ல? பட்டப்பகல்தான. கோயிலுக்கு வந்த எடத்துல ஓரமா உக்காந்து கேக்கப் போறோம்.”

அப்பா வெகுநேரம் மாட்டுக்குத் தவிடு கலக்கினார். கடைசியில், “கேளுங்க. ஓடம் கரை சேந்துச்சுன்னா பெட்டி வூட்டுக்கு வரட்டும். சேரலன்னா அங்கயே காளியம்மாகிட்ட இருக்கட்டும். அப்புறம் யாரும் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது” என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரே வண்டி கட்டியது. எங்கள் வண்டியில் பெட்டி அத்தையின் மடியில், செட்டு என் மடியில். சாமி கும்பிட்டோம். பெட்டியையும் செட்டையும் அப்பா கோயில் வாசலில் பூசாரியின் பார்வையில் வைத்துவிட்டு, “வந்து சொல்றேன்” என்றார். பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. சரியென்று தலையாட்டினார்.

தோப்பில் ஓலைப்பந்தல். நேரத்தோடு போனதால் முன்வரிசை முழுக்க எங்கள் ஊர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பகல் வெளிச்சத்தில் நாடகம் பார்க்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். ராணிக்குக் கன்னத்து அரிதாரம் வியர்வையில் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கிரீடத்தின் அட்டை தெரிந்தது. ஓடக்காரருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம், தொப்பையும் அதிகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிளேட்டில் அவர் இளைஞர்.

ஆனால் மிருதங்கம் ஆரம்பித்தது. உங்களிடம் எப்படிச் சொல்வேன்? முள் வழியாகக் கசிந்த சத்தத்தையே கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். அது நேரில் விழுந்தபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மடியில் வைத்திருந்த கை அதிர்ந்தது. ஆர்மோனியக்காரர் காலால் மிதித்து, தலையை ஆட்டி, குடுமி அவிழ்ந்து விழ வாசித்தார். ஜால்ராக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் ஊர் ஆட்கள் உட்கார்ந்த இடத்திலேயே குதித்தார்கள். ஒவ்வொரு ‘ஏலேலோ’வுக்கும் தோப்பே திருப்பிச் சொன்னது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். பாட்டுக்கு அவள் கண்ணைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

இருமுகிற இடம் வந்தது. ஓடக்காரர் இருமவில்லை. அன்றைக்கு அவர் தொண்டை நன்றாக இருந்தது போலிருக்கிறது. எங்கள் ஊர் விட்டுவிடுமா? முன்வரிசை மொத்தமும் சேர்ந்து அவருக்காக இருமியது. அவர் திடுக்கிட்டு ஒரு தாளம் தப்பி, சமாளித்துக்கொண்டார்.

பாட்டு ஏறியது. நீலத்துணியை இரண்டு பேர் வெள்ளமாக ஆட்டினார்கள். ‘நடு ஆறு வந்தோமே ஓடக்காரா’ என்று ராணி குரலை உயர்த்தினாள். அந்த இடத்தில் எங்கள் ஊர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வேதனையும் சேர்ந்து வருகின்றன. பிளேட்டு முடிந்துவிட்டதல்லவா? அத்தனை பேரும் ‘உஸ்’ என்று மூச்சு விட்டுச் சோம்பல் முறித்தார்கள். வெற்றிலை துப்ப நாலு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் முதுகைத் திருப்பி ராவுத்தரைப் பார்த்தார்கள். யாரோ, “மாத்துங்க ராவுத்தரே” என்றுகூடச் சொன்னார்கள். ராவுத்தரும் பாதி எழுந்துவிட்டார்.

மேடையில் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? முன்வரிசை முழுவதும் பாதிப் பாட்டில் எழுந்து முதுகைக் காட்டுகிறது. முதலில் இருமல், இப்போது இது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஓடக்காரர் நினைத்துக்கொண்டார். முகம் வாடிவிட்டது. ஆர்மோனியக்காரரிடம் கையால் ஏதோ காட்டினார். பாட்டு பொசுக்கென்று நின்றது. நீலத்துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். படுதா விழுந்தது. அடுத்த காட்சி, அக்கரைக் கடைவீதி.

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். “ஐயோ, இங்கயும் நடு ஆத்துலயே விட்டுட்டாங்களே” என்றாள். எதிர்ப்பக்கம் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். கோயில் பக்கம்தான் பார்த்தார்.

அப்போது அத்தை எழுந்து நின்றாள்.

நம் காலத்தில் அப்படி ஒரு பெண், புருஷன் ஊரில் இல்லாதவள், ஆயிரம் பேர் நடுவில் எழுந்து நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெரியம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அத்தை அதை விடுவித்துக்கொண்டாள்.

“ஓடக்காரய்யா,” என்றாள், படுதாவைப் பார்த்து. பிறகு குரலை உயர்த்தினாள். “ஓடக்காரய்யா, ஓடம் இன்னும் நடு ஆத்துலயே நிக்குதுங்க. எங்ககிட்ட நாலாவது பிளேட்டு ஒடஞ்சுபோச்சு. அதான் இவங்களுக்கு இதுக்கு மேல பாட்டு இருக்குறதே தெரியாது. கோவிச்சுக்காம கொண்டுபோய்க் கரை சேத்துடுங்க.”

படுதா விலகி ஓடக்காரர் தலையை நீட்டினார். அத்தையைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். அவருக்கு மெள்ளப் புரிந்தது. புரிந்ததும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“அப்ப அந்த இருமல் பிளேட்டுல இருக்கா தாயீ?”

“இருக்குங்க. நல்லாவே இருக்குங்க.”

அவர் அத்தையை நோக்கிக் கும்பிட்டார். மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டை முதலிலிருந்தே எடுத்தார். இருமுகிற இடத்தில் நன்றாக, நாலு ஊருக்குக் கேட்கும்படி இருமினார். நடு ஆறு வந்தது. தாண்டியது.

நாலாவது பிளேட்டில் அழுகையே இல்லை. ராணி நீந்திக் கரையேறினாளா, மழையா என்று நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சண்டை போட்ட இடம் முழுக்க வேடிக்கை. ராணியின் பாட்டில் சொக்கிப்போய் ஓடக்காரன் துடுப்பால் தாளம் போடுகிறான். துடுப்பு கை நழுவி ஆற்றோடு போகிறது. எட்டிப் பிடிக்கப்போய் அவனே தொப்பென்று விழுகிறான். ராணி புடவைத் தலைப்பை வீசி அவனை இழுத்துப் போடுகிறாள். அதில்தான் ஈரம். துடுப்பு இல்லாத ஓடத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே பாட, ஓடம் தன்பாட்டில் கரையில் முட்டி நிற்கிறது. அந்தப் பெரிய மனிதர் நீலத்துணியில் விழுந்து புரண்டபோது தோப்பு வெடித்துச் சிரித்தது. எல்லார் சிரிப்புக்கும் மேலே ஒரு சிரிப்பு கேட்டது. அத்தையுடையது. அவள் சிரிப்புச் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பெட்டி வண்டியில் ஏறியது. அப்பா முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். பாதி வழியில் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “கரை சேந்தாச்சு. இனிமே உன் வூட்டுக்காரரு வந்துடுவாரு பாரு” என்றாள்.

அத்தை சொன்னாள்.

“வந்தா நல்லதுதான் அண்ணி. ஆனா நான் அதுக்காகக் கேக்கல. அவங்க மொகம்கூட எனக்குச் சரியா ஞாபகமில்ல. எத்தனை நாள் இருந்தோம் சொல்லுங்க. பாட்டு நல்லா இருந்துச்சு, கேட்டேன். நல்லா இருந்துச்சுன்னுதான் கண்ணுல தண்ணி வந்துச்சு. நீங்கள்லாம் பாவம் பாவம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களா, இல்லைன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டை மட்டும் தேவையில்லாமல் இரண்டு தரம் அதட்டினார்.

மாமா வரவில்லை. யுத்தம் முடிந்தும் வரவில்லை, சேதியும் இல்லை. அம்மா கடைசிவரை எதிர்பார்த்தாள். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

நாடகம் பார்த்த மறுநாள் சாயங்காலத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வாசலில் வழக்கமான கூட்டம். அப்பா உள்ளறையைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார், அறைச் சாவியை அத்தையிடம் கொடுத்தார், மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். ராவுத்தர் முள் சீவினார். மூன்றாவது பிளேட்டு நடு ஆற்றில் முடிந்தது. அவர் பழக்கத்தில் ஐந்தாவதை உறையிலிருந்து எடுத்தார்.

“இருங்க ராவுத்தரே” என்றாள் அத்தை. எழுந்து நின்று, முந்தின நாள் கேட்டதை அவளே பாட ஆரம்பித்தாள். பெரிய குரல் இல்லை. ஆனால் ஓடம் தளும்புகிற அந்த நடை அப்படியே இருந்தது. ராணியின் அடியைப் பாடினாள்.

‘துடுப்பு எங்கே ஓடக்காரா, ஏலேலோ’

பாடிவிட்டு நிறுத்தினாள். அடுத்தது ஓடக்காரன் பதில் சொல்ல வேண்டும். ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பாட வராது. மற்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வீட்டுப் பெண் பாடும்போது பதில் பாட யாருக்குத் தைரியம் வரும்? அத்தை காத்துக்கொண்டு நின்றாள். நான் கையிலிருந்த பிளேட்டுச் சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாட்டுக்கொட்டகையிலிருந்து பதில் வந்தது.

‘தண்ணி கொண்டு போச்சு தாயே, ஏலேலோ’

அப்பா பாடி நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. பாடுவதற்கு முன்னால் அவர் லேசாக ஒரு இருமல் இருமியிருந்தார்.